குதிரைப் பண்ணை முதல் சைலேஜ் லாரி வரை: எங்க மத்திகிரி மண்ணோட வரவு செலவு

போன வாரம் மத்திகிரி பண்ணைச் சுவர் ஓரமா வண்டியில வந்துக்கிட்டு இருந்தேன். எதிர்ல ஒரு லாரி. மேல வரைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் சுத்தின சைலேஜ் பேல். ஆனேக்கல் பக்கம் போகுது. அந்த லாரி என்னைத் தாண்டிப் போற வரைக்கும் வண்டியை ஓரம் கட்டி நின்னு பார்த்தேன். அதுல போறது தீவனம் மட்டும் இல்ல. யாரோ ஒருத்தர் நிலத்து மண்ணோட சத்தும் சேர்ந்து போகுது. நாலு வருஷம் நானே அப்படி அனுப்பிக்கிட்டு இருந்தவன்தான். அதனாலதான் இதை எழுதணும்னு தோணுச்சு.

இது உரக்கணக்கு பத்தின கட்டுரை. ஆனா எங்க ஊர்ல அந்தக் கணக்கு எப்ப ஆரம்பிச்சு எப்ப தப்பிப் போச்சுன்னு தெரியணும்னா, கொஞ்சம் பழைய கதையிலிருந்து வரணும். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். தெரிஞ்சதை, விசாரிச்சதை, நானே பட்டதை மட்டும் சொல்றேன்.

200 வருஷத்துக்கு முந்தின குதிரை லாயம்

மத்திகிரின்னா வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்றது கால்நடைப் பண்ணைதான். 1,600 ஏக்கருக்கு மேல இருக்கு. இது மாட்டுக்காக ஆரம்பிச்சது இல்ல. 1799-ல் திப்பு சுல்தான் விழுந்தார். அதுக்கப்புறம் 25 வருஷம் கழிச்சு, 1824-ல், வெள்ளைக்காரன் தன் பட்டாளத்துக்குக் குதிரை வளர்த்துப் பழக்கறதுக்கு இங்க டிப்போ போட்டான். ஓசூர் பக்கத்துக் குளிர், மேய்ச்சல் நிலம், பக்கத்துலயே பெங்களூர் ராணுவம், எல்லாம் தோதா அமைஞ்சது. நூறு வருஷம் குதிரை ஓடின இடம், 1920-கள்ல மாகாண அரசு கைக்கு வந்து மாட்டுப் பண்ணை ஆச்சு. தென்னிந்தியக் கால்நடைகளைப் பத்தி 1936-ல் புத்தகம் எழுதின லிட்டில்வுட்ங்கற அதிகாரி, ஓசூர்ல இந்த வேலையைப் பார்த்தவர்தான்.

குதிரைப் பண்ணைக்கும் உரத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சம்பந்தம் இருக்கு. புல் எங்க விளையுதோ அங்கயே தின்னு, அங்கயே சாணி போட்டா மண்ணுக்கு நஷ்டம் ரொம்பக் கம்மி. கால்நடை தின்ன சத்துல பெரும்பகுதி சாணியிலயும் மூத்திரத்துலயும் திரும்பி வந்துடும். பால்லயும் கறியிலயும் போறது சின்னப் பங்குதான். அதனாலதான் 200 வருஷமா கால்நடை நிக்கற மண்ணுல இன்னும் புல்லு முளைக்குது. அதே புல்லை அறுத்து வேற ஊருக்கு வண்டி ஏத்தினா கணக்கே வேற.

பட்டாளத்துக்காரனுக்குப் புல்லை அறுத்து ஏத்தற வேலையும் தெரியும். 1889-ல் அலகாபாத்துல முதல் ராணுவப் பண்ணை ஆரம்பிச்சாங்க. அப்புறம் நாடு முழுக்க ராணுவத்துக்குப் பாலும் தீவனமும் குடுக்கப் பண்ணைகள் வந்துச்சு. 2021-ல்தான் அதையெல்லாம் மூடினாங்க.

ஊறுகாய்ப் புல் வந்த கதை

சைலேஜை நம்ம கால்நடைத் துறைக்காரங்க தமிழ்ல "ஊறுகாய்ப் புல்"னு சொல்வாங்க. நல்ல பேரு. பச்சைத் தீவனத்தைப் பொடியா வெட்டி, காத்து இல்லாம அமுக்கி மூடி வெச்சா, உள்ள இருக்கற சர்க்கரை புளிச்சு அமிலமாகும். அந்தப் புளிப்புல அது கெடாது. 45 நாள்ல திறக்கலாம். திறக்காம விட்டா மாசக்கணக்குல நிக்கும்.

குழியில தீவனம் புதைக்கறது ஐரோப்பாவுல பழைய வழக்கம். மக்காச்சோளத்தை இப்படிச் சேமிக்கற முறையைச் செஞ்சு பார்த்து, 1877-ல் புத்தகமாப் போட்டது கோஃபார்ட்ங்கற பிரெஞ்சு விவசாயி. அது இங்கிலீஷ்ல வந்து அமெரிக்காவுல பரவுச்சு. அங்க உயரமான சைலோ கோபுரம் கட்ட ஆரம்பிச்சாங்க. அந்தக் கோபுரம் அவனவன் பண்ணையிலயே நின்னுச்சு. அதை முக்கியமா கவனிக்கணும். அவன் வெளைச்சல், அவன் மாடு, அவன் சாணி, அவன் நிலம்.

அதுக்கும் முன்னாடி, 1840-ல், லீபிக்ங்கற ஜெர்மன் வேதியியல் பேராசிரியர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். பயிர் மண்ணுலேர்ந்து எடுக்கற தாதுவைத் திருப்பிப் போடலைன்னா மண்ணு ஓட்டாண்டி ஆகும்னு. பழைய ரோமாபுரி, சுத்துப்பட்ட குடியானவன் நிலத்துச் சத்தையெல்லாம் தின்னு சாக்கடையில விட்டுச்சுன்னும் எழுதினார். பெங்களூருக்கு 40 கிலோமீட்டர்ல இருக்கற நமக்கு இதைத் தனியா விளக்க வேணாம்.

நம்ம நாட்டு நிலத்தைப் பார்க்க 1889 கடைசியில இங்கிலாந்துலேர்ந்து வோல்க்கர்னு ஒரு ரசாயன நிபுணர் வந்தார். ஊர் ஊராச் சுத்தி 1893-ல் அறிக்கை குடுத்தார். இந்தியக் குடியானவனுக்கு விவசாயம் தெரியாதுன்னு அவர் சொல்லலை. நல்லாவே தெரியும்னுதான் சொன்னார். விறகு இல்லாம சாணியை வறட்டி தட்டி எரிக்கறாங்க, எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலேறி வெளிநாடு போகுது, இதுல மண்ணுக்கு நஷ்டம்னு கவலைப்பட்டார். 130 வருஷத்துக்கு முந்தின கவலை. இன்னிக்கு எலும்புக்குப் பதிலா பேல் போகுது.

தாத்தா காலத்துச் சாம்பல் கணக்கு

எங்க தாத்தாவுக்கு லீபிக்கையும் தெரியாது, வோல்க்கரையும் தெரியாது. ஆனா கணக்கு சரியா இருந்துச்சு. மானாவாரியில ராகி, நடுவுல சாலுக்கு அவரை. ஒரு ஜோடி ஹள்ளிகார் எருது, ரெண்டு நாட்டுமாடு. ராகித்தாள் போர் வீட்டுக்குப் பின்னாடி. மாட்டுக்கொட்டாய் மண்தரை. ராத்திரி மாட்டுக்கு அடியில சருகும் தின்னு மிச்சமான தாளும் போடுவாங்க. மூத்திரத்தை அது குடிச்சுக்கும். காலையில அள்ளி எருக்குழியில கொட்டுவாங்க. பாட்டி அடுப்புச் சாம்பலைக் கூடையில கொண்டுபோய் அதே குழியில கொட்டும். சித்திரையில வண்டி கட்டி நிலத்துக்குப் போகும். கோடையில ஆட்டுக்காரங்க வந்தா ரெண்டு மூணு ராத்திரி பட்டி போடச் சொல்லி தானியம் குடுப்பாங்க.

இந்தச் சாம்பலை மட்டும் கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. உரத்துல தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்துன்னு மூணு சொல்றோம். மூணாவதுதான் பொட்டாஷ். அந்த இங்கிலீஷ் பேரே, சட்டியில போட்டுக் காய்ச்சின சாம்பல்னுதான் வந்துச்சு. மரச்சாம்பலைத் தண்ணியில கரைச்சு, சட்டியில வத்த வெச்சு எடுத்த உப்பு அது. பாட்டி கூடையில கொண்டுபோனது பொட்டாஷ் உரம். மாட்டு மூத்திரத்துலயும் அதிகம் இருக்கறது இதே பொட்டாஷ்தான். மாடு தின்ன மணிச்சத்தோட மிச்சம் சாணியில வரும், சாம்பல்சத்து பெரும்பாலும் மூத்திரத்துல வரும்.

அப்புறம் மூணு ஓட்டை விழுந்துச்சு. ஒண்ணு, கேஸ் அடுப்பு வந்துச்சு. நல்லதுதான், எங்க அம்மா கண்ணு தப்பிச்சது. ஆனா சாம்பல் நின்னுச்சு. ரெண்டு, கலப்பின ஜெர்சி வந்து, லோன் வாங்கிக் கொட்டாய்க்கு சிமெண்ட் தரை போட்டோம். பைப் போட்டுக் கழுவறோம். சுத்தமா இருக்கு. மூத்திரம் நேரா ரோட்டுக் கால்வாய்க்குப் போகுது. மூணாவது ஓட்டை நான் போட்டது. அதைக் கடைசியில சொல்றேன்.

மூட்டை உரம் வந்த பிறகு

நாட்டுலயே முதல் ரசாயன உர ஆலை நம்ம தமிழ்நாட்டுலதான் வந்துச்சு. 1906-ல், ராணிப்பேட்டையில, சூப்பர் பாஸ்பேட். ஆனா எங்க பக்கத்துக் குடியானவனுக்கு மூட்டை உரம் கைக்கு வந்தது 1960, 70-கள்லதான். 1971-ல் மணலியில சென்னை உர ஆலை உற்பத்தி ஆரம்பிச்சது. அப்பா முதல்ல யூரியா போட்டப்போ, ஒரு வாரத்துல பயிர் கருகருன்னு ஆனதைப் பார்த்து ஊரே வேடிக்கை பார்த்ததாச் சொல்வார்.

யூரியாவோட குணமே அதுதான். போட்டது கண்ணுக்குத் தெரியும். பொட்டாஷ் அப்படி இல்ல. போட்டாலும் பச்சை ஏறாது, போடலைன்னாலும் ரெண்டு மூணு வருஷம் தெரியாது. நம்ம மண்ணு தன் சேமிப்புலேர்ந்து எடுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கும். சேமிப்பு தீர்ந்தப்புறம்தான் தெரியும்.

விலையும் சேர்ந்துக்கிச்சு. யூரியாவை அரசாங்கம் கட்டுப்பாட்டுல வெச்சிருக்கு, 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 பைசா. பொட்டாஷ் நம்ம நாட்டுல சுரங்கத்துல எடுக்கறது கிடையாது, மொத்தமும் வெளிநாட்டுலேர்ந்து வரணும். 2010 வரைக்கும் அதுவும் மூட்டை 225 ரூபாய்க்குள்ள கிடைச்சது. அந்த வருஷம் ஏப்ரல்ல மானிய முறையை மாத்தினாங்க. யூரியாவைத் தவிர மத்ததுக்கு விலையைக் கம்பெனியே வெச்சுக்கலாம்னு ஆச்சு. ரெண்டு வருஷத்துல பொட்டாஷ் எங்கயோ போயிடுச்சு. நான் கடைசியா வாங்கினப்போ 50 கிலோ 1,700 ரூபாய். விவசாயி என்ன பண்ணுவான்? பொட்டாஷை விட்டுட்டு யூரியாவை ஒரு மூட்டை கூட்டினான். நானும்தான்.

நான் சைலேஜுக்கு விட்ட கதை

மக்காச்சோளம் எங்க பக்கம் ரொம்பப் பழைய பயிர் இல்ல. கன்னடம் பேசறவங்க முசுக்கின ஜோளான்னு சொல்வாங்க. நாங்க கதிர் ஒடிச்சு, காய வெச்சு, மணி வித்துக்கிட்டு இருந்தோம். தட்டை நம்ம மாட்டுக்கு.

2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோட பொய்த்தது ஞாபகம் இருக்கும். 2017 கோடையில தீவனம் கிடைக்காம மாட்டைச் சந்தைக்கு ஓட்டினாங்க. அப்பதான் சைலேஜ் வியாபாரிங்க எங்க ஊருக்கு வந்தாங்க. "கதிர் பால் பிடிச்சு மாவாகற நேரத்துல நிக்கற பயிரைக் குடுங்க. அறுக்கறது, வெட்டறது, ஏத்தறது எல்லாம் எங்க செலவு. எடை போட்டு டன்னுக்குக் காசு" அப்படின்னாங்க. அடுத்த வருஷம் கர்நாடகாவுலேர்ந்து படைப்புழு வந்துச்சு. மணிக்கு விட்டவன் குருத்தைப் பார்த்து அழுதான். சைலேஜுக்கு விட்டவன் 85, 90 நாள்ல அறுத்துக் காசு பார்த்தான். ஒடிக்க ஆள் தேட வேணாம். சிப்காட் வந்த பிறகு எங்க ஊர்ல கதிர் ஒடிக்க ஆள் எங்க கிடைக்குது? பசங்க எல்லாம் கம்பெனி பஸ் ஏறிடறாங்க.

எனக்கு ரெண்டு ஏக்கர். கூட, பக்கத்து நிலத்து அக்காவோட ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தேன். வருஷத்துக்கு 15,000. அவங்க வீட்டுக்காரர் இல்ல, பையன் பெங்களூர்ல. மூணு ஏக்கர்லயும் வருஷத்துக்கு ரெண்டு போகம் மக்காச்சோளம். முதல் வருஷம் ஏக்கருக்கு 16 டன் வந்துச்சு. டன்னுக்கு 1,800 ரூபாய். சந்தோஷமா இருந்துச்சு.

உரம் என்ன போட்டேன்? யூரியா, டி.ஏ.பி., நடுவுல ஒரு தடவை 20:20:0:13. மூட்டை மேல இருக்கற எண்ணைப் பாருங்க. யூரியா 46:0:0. டி.ஏ.பி. 18:46:0. மூணாவது 20:20:0. மூணாவது எண் மூணுலயும் சைபர். நாலு வருஷம் நான் ஒரு கிலோ சாம்பல்சத்து போடலை. என் கிட்ட இருந்த மூணு மாட்டு எருவும் ரோஜாத் தோட்டத்துக்குப் போச்சு. குத்தகை நிலத்துக்கு ஒரு கூடை எரு போகலை. அடுத்தவங்க நிலத்துக்கு எதுக்கு எருன்னு நினைச்சேன். இப்ப எழுதும்போது கூச்சமா இருக்கு.

2021-ல் 11 டன்னுக்கு வந்துச்சு. அடியிலைகளோட ஓரம் தீஞ்ச மாதிரி காஞ்சுது. ஒரு காத்துக்கு அக்கா நிலத்துல பாதிப் பயிர் சாய்ஞ்சு படுத்துச்சு. நான் யூரியா பத்தலைன்னு நினைச்சு இன்னும் ஒரு மூட்டை போட்டேன். கடையிலயும் அதையேதான் சொன்னாங்க.

2022-ல் குத்தகையை முடிச்சுக் குடுத்தேன். அக்கா பழையபடி ராகி போட்டாங்க. வரலை. முழங்கால் உயரத்துல நின்னுச்சு. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காபி கூட வேணாம்னுட்டு சொன்னாங்க: "தம்பி, நீ வாடகை ஒழுங்கா குடுத்த. இல்லைன்னு சொல்லலை. ஆனா என் மண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டியே."

சண்டை போட்டிருந்தாக் கூடப் பரவாயில்ல. அவங்க சத்தமே போடலை. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

மண் பரிசோதனை சொன்னது

மறுநாளே ரெண்டு நிலத்துலயும் மண் எடுத்தேன். மேல இருக்கற குப்பையை ஒதுக்கி, ஆங்கில வி மாதிரி முக்கால் அடி குழி வெட்டி, பத்துப் பதினஞ்சு இடத்துல எடுத்துக் கலந்து, அரைக்கிலோ அனுப்பினேன். 2015-ல் மண்வள அட்டைத் திட்டம் வந்தப்போ குடுத்த அட்டை ரெண்டு பேர் கிட்டயும் இருந்துச்சு. ஒப்பிட்டுப் பார்த்தேன்.

சாம்பல்சத்துல ஹெக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழ இருந்தா குறைவு, 280-க்கு மேல இருந்தா அதிகம், நடுவுல இருந்தா மத்திமம். என் நிலம் 246-லேர்ந்து 124-க்கு வந்திருந்துச்சு. அக்கா நிலம் 230-லேர்ந்து 96. மணிச்சத்து மட்டும் டி.ஏ.பி. போட்டுப் போட்டு நல்லா ஏறிக் கிடந்துச்சு. தேவையில்லாததைக் காசு குடுத்துச் சேர்த்து, தேவையானதை லாரியில ஏத்தி அனுப்பியிருக்கேன்.

ஏன் இப்படி ஆச்சுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஏக்கருக்கு 25 குவிண்டால் மணி மட்டும் வித்தா, மணியோட சேர்ந்து போறது தோராயமா தழை 35 கிலோ, மணிச்சத்து 16 கிலோ, சாம்பல்சத்து 11 கிலோ. அதே பயிரை 15 டன் சைலேஜா வித்தா, டன்னுக்குத் தழை 4 கிலோ, மணிச்சத்து ஒன்றரை கிலோ, சாம்பல்சத்து 4 கிலோன்னு வெச்சுக்கிட்டாலும், தழை 60, மணிச்சத்து 22, சாம்பல்சத்து 60. தழை ஒண்ணே முக்கால் மடங்கு ஆகுது. சாம்பல்சத்து அஞ்சு மடங்குக்கு மேல. ஏன்னா சாம்பல்சத்து இருக்கறது மணியில இல்ல, தட்டையிலயும் இலையிலயும்தான். மணியை வித்துத் தட்டையை வீட்ல வெச்சுக்கிட்டா அது நம்ம கிட்டயே இருக்கும். தட்டையோட போனா எல்லாம் போச்சு.

அக்கா நிலத்துல நாலு வருஷம், எட்டுப் போகம், சராசரி 13 டன். மொத்தம் 104 டன். டன்னுக்கு 4 கிலோ, ஆக 416 கிலோ சாம்பல்சத்து. ஒரு மூட்டை பொட்டாஷ்ல 30 கிலோ சத்து. கிட்டத்தட்ட 14 மூட்டை. 1,700 ரூபாய் வீதம் 23,800 ரூபாய். நான் நாலு வருஷத்துல குடுத்த வாடகை 60,000. அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல அவங்க மண்ணுலேர்ந்தே எடுத்து அவங்களுக்கே குடுத்திருக்கேன்.

நம்ம வேளாண் பல்கலைக்கழகம் தீவன மக்காச்சோளத்துக்குச் சொல்ற உர அளவைப் பார்த்தா, ஹெக்டேருக்கு 60:40:20-ன்னு இருக்கும். சாம்பல்சத்து ஏக்கருக்கு வெறும் 8 கிலோதான். அதைப் பார்த்துட்டு, பொட்டாஷ் அவ்வளவா வேணாம்போலன்னு நினைச்சுக்கறோம். ஆனா அதே பக்கத்துல, அதுக்கு மேல வரியில, ஹெக்டேருக்கு 25 டன் தொழுஉரம்னு எழுதியிருக்கு. ஏக்கருக்கு 10 டன். 10 டன் நல்ல தொழுஉரத்துல சாம்பல்சத்து சுமாரா 50 கிலோ வரும். 50-ம் 8-ம் 58. 15 டன் சைலேஜ் எடுத்துக்கிட்டுப் போறது 60. கணக்கு நேராகுது பாருங்க. எழுதினவங்க சரியாத்தான் எழுதினாங்க. நாமதான் முதல் வரியை விட்டுட்டு ரெண்டாவது வரியை மட்டும் படிச்சோம்.

இப்ப நான் போடற கணக்கு

சைலேஜ் வேணாம்னு நான் சொல்லலை. கோடையில மாட்டைக் காப்பாத்தற தீவனம் அது. நானும் வருஷத்துக்கு ஒரு போகம் இன்னும் விடறேன். ஆனா வழி மாத்திக்கிட்டேன்.

முதல்ல, எடைச்சீட்டைத் தூக்கிப் போடறது இல்ல. அதுதான் என் உரச்சீட்டு. எத்தனை டன் போச்சோ அதை நாலு, ஒன்றரை, நாலால பெருக்கி நோட்டுல எழுதறேன்.

ஏக்கருக்கு 15 டன் போனா இப்படிப் போடறேன். 5 டன் தொழுஉரம். அதுல சாம்பல்சத்து 25 கிலோ, மணிச்சத்து 10 கிலோ. தழை 25 இருந்தாலும் முதல் போகத்துல பயிருக்குக் கிடைக்கறது மூணுல ஒரு பங்குதான், 8 கிலோன்னு வெச்சுக்கறேன். மிச்ச மணிச்சத்து 12 கிலோவுக்கு டி.ஏ.பி. அரை மூட்டை. மண்ணுல மணிச்சத்து ஏறிக் கிடந்தா அதையும் விட்டுடலாம். மிச்ச சாம்பல்சத்து 35 கிலோவுக்குப் பொட்டாஷ் 58 கிலோ. பாதி அடியுரம், பாதி 30-ம் நாள் களை வெட்டி மண் அணைக்கும்போது. தழைச்சத்துல கொஞ்சம் காத்துலயும் தண்ணியிலயும் போயிடும், அதனால 60-க்கு 75 ஆவது கணக்குல வேணும். எரு, டி.ஏ.பி. போக யூரியா மூணு மூட்டை, மூணு தடவையாப் பிரிச்சு. இது என் செம்மண்ணுக்கு. உங்க மண் பரிசோதனை என்ன சொல்லுதோ அதுப்படி மாத்திக்கணும். கரிசல்ல பொட்டாஷ் சேமிப்பு அதிகமா இருக்கும்.

அடுத்து, அறுவடை உயரம். மெஷின்காரர் தரையை ஒட்டி அறுப்பார், அவருக்கு எடை வேணும். நான் ஒரு அடி விட்டு அறுக்கச் சொல்றேன். அடித்தட்டையில சாம்பல்சத்து நிறைய, மாட்டுக்குச் செரிக்கறது கம்மி. ஒரு டன், ஒன்றரை டன் எடை குறையும். ஆனா தீவனம் தரமா இருக்கும், அடிக்கட்டை மண்ணுக்குப் போகும். இதுக்காக முதல் தடவை மெஷின்காரரோட வாக்குவாதமே ஆச்சு.

மூணாவது, வெறும் நிலமா விடறது இல்ல. சைலேஜ் அறுத்த நிலத்துல ஒண்ணுமே மிஞ்சாது, மொட்டையடிச்ச மாதிரி கிடக்கும். ஈரம் காயறதுக்குள்ள கொள்ளோ சணப்பையோ தூவி விடறேன். ரெண்டாம் போகம் ராகியும் அவரையும், தாத்தா மாதிரியே.

நாலாவது, விலை பேசும்போது மண்ணையும் சேர்த்துப் பேசறேன். ஒரு டன் சைலேஜ்ல போற சத்தை உரக்கடை விலையில பார்த்தா, தழை 52 ரூபாய், மணிச்சத்து 80 ரூபாய், சாம்பல்சத்து 227 ரூபாய், ஆகக் கிட்டத்தட்ட 360 ரூபாய். 1,800 ரூபாயில அஞ்சுல ஒரு பங்கு. அது லாபம் இல்ல, முதல். இதைச் சொன்னா வியாபாரி சிரிப்பார். ஆனா போன வருஷம் ஒருத்தர் ஒத்துக்கிட்டார். அவர் சைலேஜ் குடுக்கற மாட்டுப் பண்ணையில சாணியை எங்க கொட்டறதுன்னு தெரியாமத் தவிக்கறாங்க. காலியா திரும்பி வர்ற லாரியில ரெண்டு லோடு எரு கொண்டுவந்து போடறார். டீசல் காசுல பாதி நான் குடுக்கறேன். என் பொட்டாஷ் ஆனேக்கல் ரோடு வழியாப் போய், அதே ரோடு வழியாத் திரும்பி வருது.

அஞ்சாவது, கொட்டாய். சிமெண்ட் தரையை உடைக்கலை. ஓரத்துல சின்னத் தொட்டி கட்டி மூத்திரத்தைச் சேர்க்கறேன். பாசனத் தண்ணியோட நிலத்துக்குப் போகுது. ரோட்டுக்கு ஒரு சொட்டு விடறது இல்ல.

அக்கா நிலம்

14 மூட்டைப் பொட்டாஷை ஒரே தடவையில கொட்டினா பயிர் தாங்காது, செம்மண்ணும் பிடிச்சு வெச்சுக்காது. அதனால வருஷத்துக்கு நாலு லோடு எரு, ரெண்டு மூட்டை பொட்டாஷ்னு மூணு வருஷம் போட்டுத் தர்றதா அக்கா கிட்ட சொன்னேன். முதல்ல வேணாம்னாங்க. அப்புறம், "சரி, உன் மனசு ஆறணும்னா போடு"ன்னாங்க. ரெண்டு வருஷம் போட்டாச்சு. இந்த வருஷ ராகி இடுப்பு உயரம் வந்துச்சு. கதிர் கை மடக்கின மாதிரி இருந்துச்சு. மறுபடி மண் எடுத்துப் பார்த்தோம், சாம்பல்சத்து 138. 230-க்குப் போக இன்னும் தூரம் இருக்கு.

நாலு வருஷத்துல எடுத்ததை நாலு வருஷத்துல திருப்பிக் குடுக்க முடியாதுங்கறது இப்பத்தான் புரியுது. குத்தகைக்கு எடுக்கறவங்க, குடுக்கறவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்றேன். பேச்சுல பணத்தோட எருவையும் சேருங்க. எடுக்கும்போது ஒரு மண் பரிசோதனை, விடும்போது ஒண்ணு. செலவு ஒரு வேளை சாப்பாட்டுக் காசு கூட ஆகாது. உறவு கெடாம இருக்கும்.

இந்தப் போகம் என் நிலத்துல 14 டன் வந்துச்சு. எடைச்சீட்டு நோட்டுல ஒட்டியாச்சு. எரு லாரி வியாழக்கிழமை வர்றதாச் சொல்லியிருக்காங்க. வந்ததும் முதல் லோடு அக்கா நிலத்துக்கு.